மஞ்சள் மழைக்கோட்டு

"கால் தடுக்கினதாம். பொய். வேணும்னே ஊத்தினா, நான் பார்த்தேன்டீ."

பெல்ஃபாஸ்ட் நகரமன்ற வாசலில் பஸ் ஏறியதிலிருந்து டிம்ஃப்னா இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

தங்கை ப்ரோனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டின் நெஞ்சில் கிரேவி கெட்டியாக உறைந்திருந்தது.

"இவளைப் பார்க்கத்தானே எட்டு வாரமா நாளை எண்ணிட்டிருந்தே?"

எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூலையில் மோர்ன் மலையில் பத்து நாள் முகாம். சண்டைக்குப் பயந்து ஊரை இரண்டாகப் பிரித்த சுவருக்கு இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், அந்தப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு மஞ்சள் கோட்டு கொடுத்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகட்டும் என்று நெஞ்சில் பெரிய எழுத்தில் அவரவர் பேரைத் தைத்திருந்தார்கள்.

"ப்ரோனாவா? அப்ப நீ எந்தப் பக்கம்னு கேட்கவே வேணாம்," என்று முதல் நாளே சிரித்தாள் ஹெதர்.

"உன் பேர் மட்டும் என்னவாம்?"

மறுநாள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிப் பாறை ஏறவிட்டார்கள். மேலே காற்று. கத்தினாலும் காதில் விழாது. அதனால் கயிற்றை இழுத்துத்தான் பேச்சு. ஒரு முறை இழுத்தால், நில். இரண்டு முறை இழுத்தால், கயிறு என் கையில் இருக்கிறது, நீ போ.

ப்ரோனாவின் கால் நடுங்கியபோதெல்லாம் மேலிருந்து ஹெதரின் அந்த இரண்டு இழுப்பு வந்தது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, இரண்டு மணி, நகரமன்ற வாசல் என்று பேசி வைத்துக்கொண்டு பிரிந்தார்கள். அதற்குப் பிறகு எட்டு வாரம் சுவர்தான். இவள் வீட்டுக் கொல்லையில் எழும்பி நிற்கிற சுவருக்கு அப்பால் மூன்றாவது தெரு ஹெதருடையது. சாயங்காலம் அங்கே ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு கேட்கும். இப்போது ஹெதர் வாசலுக்கு வந்திருப்பாள் என்று ப்ரோனா கொல்லைப்படியில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வாள்.

இன்று, மழையில்லாத வெயிலில், கூட்டத்தில் ஹெதர் தன்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே என்று அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஹெதர் மேல் நம்பிக்கை இல்லாமல் டிம்ஃப்னாவும் கூடவே வந்து, பத்தடி தள்ளி நின்றாள்.

ஹெதர் வந்தாள். கையில் கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல். பின்னாலேயே அந்தப் பக்கத்துக் கால்பந்து அணியின் நீலக் கழுத்துத்துண்டு போட்ட நாலு பையன்கள். முன்பல் உடைந்தவன் அவள் அண்ணன். சுவருக்கு இந்தப் பக்கத்துப் பையன்களோடு போட்ட சண்டையில் உடைந்தது என்று முகாமில் சொல்லியிருக்கிறாள்.

ப்ரோனா கையைத் தூக்கினாள்.

ஹெதரின் முகத்தில் ஒன்றுமே இல்லை.

அண்ணன்காரன் கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு கிட்டே வந்தான். அதற்குள் ஹெதர் அவனை முந்திக்கொண்டு வந்து மோதினாள். கிரேவி அத்தனையும் கோட்டில்.

"நடுவழியில நின்னா இப்படித்தான். போய்த் தொலை," என்றாள் ஹெதர்.

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தபடியே கடந்து போனார்கள். ஹெதர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிம்ஃப்னா கோட்டைப் பிடுங்கித் தொட்டியில் போட்டாள்.

"தனியா வர்றேன்னு சொன்னவ, வேடிக்கை பார்க்க ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கா. மலையில சிநேகிதி, ஊருக்குள்ள வந்தா யாரோ. இவங்க எல்லாருமே இப்படித்தான்."

"விடேன்."

"எப்படி விடறது? இங்க பாரு, வேற எங்கேயாவது ஒரு சொட்டு பட்டிருக்கா? குறி பார்த்து உன் பேர் மேலயே கொட்டியிருக்கா. ஒரு எழுத்துகூடத் தெரியலை."

ப்ரோனா நிமிர்ந்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு அந்த அண்ணன்காரன் என்ன படிக்க வந்தான் என்று இப்போதுதான் புரிந்தது.

டிம்ஃப்னா நிறுத்தவில்லை. "ஊத்தினது போதாதுன்னு உன் கையைப் பிடிச்சு இழுக்கவும் செஞ்சாளே. ஒரு தடவை இல்லை. ரெண்டு தடவை."

ப்ரோனா குழாயை மூடினாள். சுவருக்கு அப்பால் ஐஸ்கிரீம் வண்டி பாடிக்கொண்டிருந்தது.

தொட்டியில் மிதந்த மஞ்சள் கோட்டின் கையைப் பிடித்து, மெதுவாக, இரண்டு முறை இழுத்தாள்.