வெள்ளிக்குக் கைதட்டல்

விக்குன்யா ஊருக்கு மேலே, குன்றின் உச்சியில் இன்னும் விடியவில்லை. மருந்துக்கடைக்காரி நெலிதா, தான் பத்தொன்பது நாளாகப் பின்தொடரும் மங்கலான வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பிடித்து வைத்திருக்கிறாள். பத்தடி தள்ளி, சுற்றுலா வழிகாட்டி எவரிஸ்தோ பச்சை லேசரைக் கீழ்வானத்து வெள்ளியின் பக்கம் நீட்டி, "இதோ பாருங்க, வால்நட்சத்திரம்!" என்கிறான். கம்பளி போர்த்திய ஆறு பயணிகளும் கைதட்டுகிறார்கள். நெலிதாவின் உதடு கோணுகிறது. "எவரிஸ்தோ, அது வெள்ளிடா. வெக்கமா இல்ல?" "விடுக்கா, உன்னோடது யார் கண்ணுக்குத் தெரியுது? இவ்ளோ தூரம் வந்தவங்க எதையாவது பாக்க வேணாமா?" என்று அவன் சிரிக்கிறான். பயணிகளில் ஒரு பெண்மணி மட்டும் வந்து நெலிதாவின் தொலைநோக்கியில் குனிகிறாள். "கண்ணாடியில எச்சி தெறிச்ச மாதிரி இருக்கு. அவர் காட்டுனதுதான் நல்லா மின்னுது," என்று திரும்பிப் போகிறாள். நெலிதா மறுபடி கண்ணை வைக்கிறாள். வால்நட்சத்திரத்தில் நேற்றுவரை ஒன்றாக இருந்த ஒளிப்பொட்டு இன்று இரண்டாகப் பிளந்து நிற்கிறது. குவியத்தைத் திருகிச் சரிபார்க்கிறாள்; இரண்டேதான். கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தவள், வெள்ளிக்கு முதுகைக் காட்டிப் பல்லிளித்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறாள். "இதுங்களுக்கா?" என்று முணுமுணுத்துவிட்டு, நோட்டில் நேரத்தை எழுதி, பக்கத்தில் 'இரண்டு' என்று குறிக்கிறாள்.