தோணிக் கணக்கு

“ஒரு குழாய் ரத்தத்துக்கு உங்களுக்கு எவ்வளவு கமிஷன், அக்கா?”

ஷாமில் கேட்டதும் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு மொத்தமும் பெஞ்சைத் தட்டியது. ரத்தப் பரிசோதனைக்காக தலைநகர் மாலேயிலிருந்து படகில் வந்திருந்த ரீஷா, வெளுத்த கன்னம் குழியச் சிரித்தாள்.

“பணமெல்லாம் இல்லடா. எனக்கு ரத்தமாவே குடுத்துடுவாங்க.”

“ஐயோ, பேய்!” என்று பின்பெஞ்சு அலறியது.

ஷாமிலுக்குக் குஷி. ஊசி என்றாலே அவனுக்கு உள்ளுக்குள் உதறல். அது வெளியே தெரியாமலிருக்க ஒருத்தனும் கை நீட்டக் கூடாது. அவன் சொன்னால் வகுப்பு கேட்கும்.

“எங்களுக்கு ஒரு நோயும் இல்ல. போயிட்டு வாங்க.”

“உனக்கு இருக்காதுடா. வித்து மட்டும் ரத்தத்துல ஒளிஞ்சிருக்கலாம். அதே மாதிரி ஒருத்தியக் கட்டினா, பொறக்கிற பிள்ளைக்குத் தலசீமியா வரலாம். மாசாமாசம் அடுத்தவங்க ரத்தத்த ஏத்தணும்.” அவள் குளிர்பெட்டியைத் தட்டினாள். “பாதிப் பேராவது குடுக்கலன்னா, படகுச் செலவு கட்டுப்படியாகலன்னு அடுத்த வருஷம் இந்தத் தீவுப் பக்கமே எங்கள அனுப்ப மாட்டாங்க.”

“அட, செலவுக் கணக்கு வேறயா!”

“கேட்டுக்க. இந்தச் சோதனைக்கு ஆகிறது, நீ சாயங்காலம் டீயோட முழுங்குற ஹெதிகாப் பலகாரத்துக்கு ஆகிற காசு. பிள்ளைக்கு வந்துட்டா, ஏழெட்டு வருஷ வைத்தியத்துக்கு அரசாங்கம் கொட்டுற பணத்துல உங்கப்பா ஓட்டுற மாதிரி பெரிய மீன்பிடித் தோணி ஒண்ணு வாங்கலாம்.”

தோணி என்றதும் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். பெண்கள் வரிசையில் இரண்டு பேர் சட்டைக் கையைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். ஷாமில் விடவில்லை.

“அப்ப அதுங்களுக்கு எதுக்கு வைத்தியம்? அந்தத் தோணிய எங்களுக்குக் குடுங்க! சூரை மீன் பிடிச்சே நாட்டப் பணக்கார நாடாக்கிடுறோம்!”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தவள் ரீஷாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசியைப் பிரித்தபடி நேராக அவன் பெஞ்சுக்கு வந்தாள்.

“பொறந்ததுலேருந்து மூணு தோணிய முழுங்கிட்டு, நாலாவதுக்கு வாயத் திறந்துட்டு உன் முன்னாடியே நிக்கிறேன்டா. கைய நீட்டு!”