ஏறாத சாயம்

காஞ்சிபுரத்துக் கல்லூரி ஆய்வகத்தில், மேசைமேல் இருக்கும் தட்டின் சின்னஞ்சிறு குழிகளில் காலை வெயில் விழுகிறது. வழக்கமான மருந்துக்கு அடங்காத குடல் புற்றுச் செல்களை ரேவதி அவற்றில் வளர்த்திருக்கிறாள். உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கிவிடும். மருந்து மட்டும் விட்ட மேல் வரிசை கத்தரிப்பூ நிறத்தில் மினுங்குகிறது. பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்த பொருளையும் சேர்த்து விட்ட கீழ் வரிசை மஞ்சளாகவே நிற்கிறது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த கணவன் கோதண்டபாணி, பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவன், நீலம் பாய்ந்த விரலால் கீழ் வரிசையைக் காட்டுகிறான். "இதுல சாயமே ஏறலியேமா. போனா போவுது, வுடு. எனக்கும் எத்தினி நூல்கட்டு பாழாயிருக்குது." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகின்றன. "ஏறக் கூடாதுன்னுதாங்க இத்தினி நாளா காத்துக்கினு இருக்கேன். அந்தப் புற்று செல்லெல்லாம் செத்துப்போச்சு." இதே நோயில், எந்த மருந்துக்கும் குணமாகாமல் வீட்டில் படுத்திருக்கிறாள் அவன் அக்கா. "அக்காவுக்கு..." என்று தொடங்குகிறான். "தட்டுலதாங்க செத்துருக்குது. ஆளுக்குக் குடுக்க இன்னும் எவ்ளோவோ இருக்குது." அவன் தூக்கை மெல்லக் கீழே வைக்கிறான். ஏறாத சாயத்தை ஆயுசில் முதல்முறையாக ஆசையோடு பார்க்கிறான். "இன்னொரு வாட்டி போட்டாலும் ஏறாதா?" ரேவதி அதற்குள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.