அழிக்க அழிக்க

கருத்தரங்கில் சபீனா பேசிக்கொண்டிருக்கும்போதே பேராசிரியர் வைத்தியலிங்கம் எழுந்து புரொஜக்டரை அணைத்தார். ஏராளமான குவாண்டம் துகள்கள் ஒன்றோடொன்று மோதிக் கலந்தால், தொடங்கிய நிலையை அடியோடு மறந்துவிடும் என்பது அவர் நிறுவிய தேற்றம். அப்படி மறக்காத ஒரு துகள் அமைப்பும் உண்டு என்று அவள் கணினிக் கணக்கைத் திரையில் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய முனைவர் பட்டத்துக்குக் கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான்.

"போதும்மா. கம்ப்யூட்டர் எதை வேணும்னாலும் காட்டும்."

"அப்போ கையால போட்டுக் காட்டறேன் சார்."

அவள் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் இடது ஓரத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். அவர் டஸ்டரை எடுத்து அதே ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்து மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. பலகை முடிந்ததும் அவரைச் சுற்றிக்கொண்டு போய், அவர் அழித்த இடத்திலேயே அடுத்த வரியை எழுதினாள். முன்வரிசை மாணவர்கள், அழிவதற்குள் ஒவ்வொரு வரியையும் அவசரமாகப் படியெடுத்தார்கள்.

டஸ்டர் ஒரு சமன்பாட்டின் நடுவில், அவருடைய தேற்றத்தில் இல்லாத ஒரு மைனஸ் குறிக்கு முன்னால் நின்றது.

"இந்த மைனஸ் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் அவர், குரல் தாழ்ந்து.

"உக்காருங்க சார்," என்றாள் சபீனா, எழுதுவதை நிறுத்தாமல். "மொதல்லேருந்து சொல்றேன்."