கோதுமை அறுக்கும் நாள்

யூட்லாந்தில் எங்கள் குடும்ப நிலத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் பெரியப்பா தோர்கில். கோதுமை மணியைக் கடித்துப் பார்த்து அறுவடை நாளை அவர்தான் சொல்வார். அவருடைய பழைய கல்யாணக் கோட்டோடு அவரை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மேற்கே மேகம் திரண்டது. நனைந்தால் கோதுமை கதிரிலேயே முளைத்துவிடும். அண்ணன் அஸ்கர் அறுவடை இயந்திரத்தின் சாவியோடு எழுந்தான்.

“உக்காருடா,” என்றார் பக்கத்துப் பண்ணை போடில் அக்கா. “கதிர் இன்னும் முத்தலையாம். வியாழக்கிழமை அறுக்கச் சொன்னாரு உங்க பெரியப்பா.”

“எப்ப சொன்னாரு?”

“இப்பதான், நான் வர்ற வழியில. வயலோரம் நின்னுக்கிட்டிருந்தாரு.”

“அக்கா, அவர இப்பதான் பொதச்சிட்டு வந்தோம்!”

“தெரியும். இல்லேன்னா வயலுக்கு அந்தக் கல்யாணக் கோட்டப் போட்டுக்கிட்டு வருவாரா?”

யாரும் சிரிக்கவில்லை. அஸ்கர் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தான். பிறகு சாவியை மேசைமேல் வைத்தான்.

“காலையிலயா, பனி காஞ்சப்புறமா? அதக் கேட்டீங்களா?”