ஏகபோகம்

“உங்களைத் தவிர வேற யாரும் இதை விக்கக் கூடாதுன்னா, அதுக்குப் பேர் ஏகபோகம் இல்லாம வேற என்னங்க?”

வக்கீல் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். கறுப்புக் கண்ணாடி. மடக்கிய வெள்ளைக் கோல் மடியில் கிடந்தது. கணினித் திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைத்தான் அவர் வாங்க வந்திருந்தார். அந்த வட்டாரத்துக்கே அதன் விற்பனை உரிமை கடைக்காரரிடம்தான் இருந்தது.

கடைக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வக்கீலிடமே வாதாடும் வாய்ப்பு தினமுமா கிடைக்கிறது?

“ஏகபோகம்னா வாங்கறவருக்கு வேற வழியே இருக்கக் கூடாது சார். எதிர்க்கடைக்குப் போங்க, இதே வேலையைச் செய்யற சாஃப்ட்வேர் நாலு விதமா கிடைக்கும். இந்த ஒண்ணுக்குத்தான் எனக்கு உரிமை. இத்தனை போட்டி இருக்கறப்போ ஏகபோகம் எங்கேர்ந்து வந்துச்சு?”

“கோர்ட்ல நின்னா நானும் இதையேதான் பேசுவேன்” என்று வக்கீல் ஒப்புக்கொண்டார். “ஆனா அதெல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் சரிப்படலை. என் பழைய கம்ப்யூட்டர் படுத்துடுச்சு, அதுல இருந்த இதோட முதல் பதிப்பு வேணும்.”

“அதை நிறுத்தியாச்சே! புதுசு எடுத்துக்கங்க. பிசிறில்லாம வாசிக்கும்.”

“பழசு திக்கித் திணறும், தெரியும். ‘வாய்தா’ன்னு இருந்தா, ‘வாய்... தா’ன்னு வாசிக்கும்.” வக்கீல் சிரித்துக்கொண்டார். “பரவாயில்லை, அதுவே இருக்கட்டும்.”

கடைக்காரர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். மேல்தட்டில் ஒரே ஒரு பழைய சிடி தூசி படிந்து கிடந்தது.

“ஒண்ணு இருக்கு சார். ஆனா நிறுத்தினதை வெளியே கொடுத்தா கம்பெனிக்காரங்க என் உரிமையையே பிடுங்கிடுவாங்க. குப்பைக்குப் போக வேண்டிய சரக்குக்கு ஏன் இப்படி மல்லுக்கட்டறீங்க?”

வக்கீல் கோலின் மடிப்புகளை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

“புதுசுல குரலை மாத்திட்டாங்க, இல்லையா?”

“ஆமா சார், தொழில்முறைக் குரல், கணீர்னு இருக்கும். பழசுல யாரோ ஒரு அம்மா பேசியிருப்பாங்க.”

“யாரோ இல்லீங்க, என் வீட்டுக்காரி” என்றார் வக்கீல். “அவ போய்ச் சேர்ந்தப்புறம், அந்தக் குரலுக்கு எனக்கு இருக்கறது உங்க ஒரு கடைதான்.”