பெல்ட் அவிழ்ந்தால் வெளியே

"பெல்ட் அவிழ்ந்தாச்சு. மூணாவது தடவை. வெளியே!"

தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற மாதிரி டப், டப், டப் என்று சொல்லிவிட்டு நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

அரங்கம் ஒரு விநாடி வாயை மூடியது. அப்புறம் மொத்தமாகத் திறந்தது.

கராத்தே இறுதிப் போட்டி. நாற்பது விநாடிதான் பாக்கி. சிட்டு இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். காதோரம் ஒரு உதை வாங்கியும் சிரித்துக்கொண்டே எழுந்து, திருப்பி நாலு கொடுத்தவள். ஜெயித்தால் தீயணைப்புப் படையில் வேலை. சீருடைக்கு அளவுகூட எடுத்தாகிவிட்டது.

பெல்ட்தான் இடுப்பில் நிற்கவில்லை. முதல் தடவை அவிழ்ந்தபோது, "ஏம்மா, வீட்ல அம்மாவைக் கூப்பிடு, கட்டி விடட்டும்!" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல். இரண்டாம் தடவை எல்லோரும் சிரித்தார்கள். சிட்டுவும் சிரித்தாள்.

மூன்றாம் தடவை அவளுடைய மாஸ்டரே, "இரும்மா கண்ணு, நான் கட்டுறேன்" என்று போட்டிப் பாயில் ஏறினார். நடுவர் அவர் கையைத் தட்டிவிட்டார். பெல்ட்டை உருவித் தன் கையில் சுருட்டிக்கொண்டார்.

நடுவருக்கு ஊரில் பெயர் ரூல்புக். அவர் நடத்துகிற கராத்தே வகுப்புக்கு ஒரு நிமிஷம் தாமதமாகப் போனால் கதவு சாத்தியிருக்கும். "நேரம் ஆறு. நீ வந்தது ஆறு ஒண்ணு. நாளைக்கு வா." டப், டப், டப்.

எதிர் மாடியில் வகுப்பு நடத்துகிற சிட்டுவின் மாஸ்டருக்குப் பெயர் போனாப்போகுது. "லேட்டா? போனாப் போகுதூ... சாப்ட்டியாப்பா?" என்று வெல்லப்பாகு மாதிரி இழுப்பார்.

இருவரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். ஒரே தெருவில் எதிரெதிர் மாடி. ஒருவர் படியில் இறங்கினால் மற்றவர் ஜன்னலைச் சாத்துவார்.

"இது என்னண்ணே நியாயம்?" போனாப்போகுதுவின் குரலில் இன்று பாகு இல்லை. "ஒரு முடிச்சுக்காக ஒரு பொண்ணோட வாழ்க்கையை அவுத்து விடுவீங்களா?"

"விதி பதினாலு. மூணு தடவை."

"விதியைத் தூக்கிக் குப்பையில போடுங்க! எம்பொண்ணு ஜெயிக்கறது பொறுக்கலைன்னு நேராச் சொல்லுங்க."

"பாயை விட்டு இறங்கு."

"உங்க தம்பி இதே மாதிரி பாயில விழுந்து செத்தப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா? அன்னிக்கே செத்துட்டீங்க நீங்களும். மிச்சம் இருக்கறது இந்தப் புஸ்தகம்தான்!"

அரங்கமே "ஆமா!" என்றது.

ரூல்புக் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிட்டுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனாப்போகுது நேராக நிர்வாகிகள் மேஜைக்குப் போனார். பேனாவைப் பிடுங்கி, நின்றபடியே புகார் எழுதினார். இந்த ஆள் இனி ஜென்மத்துக்கும் நடுவராக நிற்கக் கூடாது. மூன்று இடத்தில் அடிக்கோடு.

கையெழுத்துப் போடும்போது ஒருவர் ஓடி வந்தார்.

"மாஸ்டர், சிட்டு வாந்தி எடுத்து மயங்கிட்டா! ரூல்புக் தூக்கிக்கிட்டு ஓடுறாரு!"

ஆஸ்பத்திரி நடைபாதையில் ரூல்புக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் சிட்டுவின் பெல்ட். கை அதில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது.

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். ஆபரேஷனுக்குக் கொண்டு போயிருக்காங்க. பிழைச்சுடுவான்னு சொன்னாங்க."

போனாப்போகுது பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே பாய் ஏற முடியாது. அந்த வேலையும்..." ரூல்புக் இன்னொரு முடிச்சை இறுக்கினார்.

ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது.

"தலையில அடின்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"பத்து வருஷமா கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுற முடிச்சு. இன்னிக்கு விரலுக்கு மறந்து போச்சுன்னா அடி விரல்ல இல்லப்பா."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"தலை அடின்னு நிறுத்தணும்னா டாக்டர் கையெழுத்து வேணும். அந்தாளு டீ குடிக்கப் போயிட்டாரு. நாற்காலி காலி. அவளைக் கேட்டா ஒண்ணுமில்ல சார்னு சிரிக்கறா. உன்னைக் கேட்டிருந்தா?"

தான் என்ன சொல்லியிருப்போம் என்று போனாப்போகுதுவுக்கே தெரியும். போனாப் போகுது, நாற்பது விநாடிதானேண்ணே.

"பெல்ட்டுக்கு மட்டும்தான் யார் கையெழுத்தும் வேண்டாம்" என்றார் ரூல்புக்.

போனாப்போகுது சட்டைப் பையிலிருந்த புகாரை எடுத்தார். கிழிக்கப் போனவர் கையை ரூல்புக் பிடித்தார்.

"கிழிக்காதே. குடுத்துடு. ஒரு வேலையைப் பறிச்சிருக்கேன்ல."

"உயிரைக் காப்பாத்தியிருக்கீங்கண்ணே! நான் என்னென்னமோ பேசிட்டேன். தம்பியைச் சொல்லி..."

"நீ சொன்னது சரிதான். அன்னிக்கும் நான்தான் நடுவர்."

ரூல்புக்கின் விரல்கள் பெல்ட்டில் நின்றன. இப்போது அந்தக் குரலில் முத்திரை இல்லை.

"அவனுக்கும் பெல்ட் நிக்கல. ரெண்டு தடவை அவிழ்ந்துது. மூணாவது தடவை, போனாப் போகுதுடான்னு சொல்லி, நானே குனிஞ்சு கட்டி விட்டேன்."